ஒரு சாண் கருப்பு

புதுப்பாலத் தோட்டம், நீலாய்
4-4-2603

அன்புள்ள பஞ்சாலைக்கு,

தேதியைப் பார்த்து மலைக்காதே. 1943 என்று எழுதினால் இப்போது குற்றமாம். ஜப்பான்காரர்கள் ஒரே உத்தரவில் எங்கள் எல்லாரையும் அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நீயும் குழந்தையும் சுகம் என்று மதார் மைதீன் பாய் சொன்னார். குழந்தை பிறந்த பத்தாம் நாள் வந்து பார்த்ததுதான். அதற்குப் பிறகு பயணப் பாஸ் கிடைக்கவில்லை.

பாயின் லாரியில் ஒரு பிஸ்கட் டின் வரும். அதற்குள் கருப்புத் தாள் சுற்றி ஆறு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிரித்துவிடாதே. மாமாவிடம் கொடு, அவர் ஸ்டுடியோ இருட்டறையில் கழுவட்டும். கத்தியும் பென்சிலும் பிடித்துத் தகட்டைச் சரிசெய்கிற டச்சிங் மட்டும் உன் கையால் நடக்க வேண்டும். பிரிண்ட் போட்டு அனுப்பு, தகடுகளை அங்கேயே வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். புது துரைக்கு, ஜப்பான்காரரை அப்படித்தான் எல்லாரும் சொல்கிறோம், பூப் பைத்தியம். ஓடிப்போன வெள்ளைக்கார துரையின் பங்களாவில் துருத்திக் காமிரா ஒன்றும் ஒரு டஜன் தகடும் அகப்பட்டன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரான நான் சிரம்பான் ஸ்டுடியோக்காரர் மாப்பிள்ளை என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டான். பன்னிரண்டு தகட்டில் பன்னிரண்டு பூ எடுத்துக் கொடுக்க வேண்டும். புத்தகமாகக் கட்டித் தன் மேலதிகாரிக்கு அனுப்பப் போகிறாராம்.

சிரிக்காதே. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவர்களிடமிருந்து சேதியே இல்லை. மாயாண்டி கங்காணி கூலி லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிறார். அங்கே டிரஸரும் தேவையாம். "பூப் புத்தகம் நன்றாக முடிந்தால் நீ இங்கேயே இரு" என்றார் துரை. முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூவைக் கிட்டத்தில் பிடிப்பது எளிதல்ல. துருத்தியை முழுக்க இழுத்து, முன்னால் பூதக் கண்ணாடி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். ஆறு எண்ணும்வரை காற்று அடிக்கக் கூடாது. மாப்பிள்ளையை நிறுத்துகிற மாதிரி நான் பூவை நடுவில் நிறுத்தினால், துரை குனிந்து காமிராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓரத்தில் தள்ளு, மிச்சத்தைச் சும்மா விடு என்கிறார். சும்மா விட்ட இடம்தான் படமாம். பத்துமணிப் பூவுக்காக ஒரு காலை முழுக்கக் காத்திருந்தேன். டோக்கியோ மணிக்குக் கடிகாரத்தைத் திருப்பிவிட்ட சங்கதி அதற்குத் தெரியாது. பதினொன்றரைக்குத்தான் வாயைத் திறந்தது.

நந்தியாவட்டையை மட்டும் கவனித்துப் பார். கருப்புத் துணி விரித்து எடுத்தேன். எனக்கே பிடித்திருக்கிறது.

குழந்தைக்கு என் முத்தம்.

திருநாவுக்கரசு


லோபாக், சிரம்பான்
11-4-1943

அன்புள்ள அத்தானுக்கு,

நான் பழைய வருஷத்திலேயே இருக்கிறேன். இந்தக் கடிதம் பாயின் சட்டைப்பைக்குள் வருகிறது, யார் கேட்கப் போகிறார்கள்.

ஆறு தகடும் கழுவியாகிவிட்டது, பிரிண்ட் இதோடு இருக்கிறது. அப்பா இருட்டறையிலிருந்து வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பாஸ் படத்துக்கு விறைத்து நிற்கிற முகங்களையே கழுவிக்கொண்டிருந்த மனிதர் அவர். "மாப்பிள்ளைக்குக் கை வந்துருச்சு" என்றார். பதினாறு வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து டச்சிங் செய்கிறேன், எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. முதல் வயிற்றெரிச்சல் அது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மரவள்ளிப் பூவுக்கு இவ்வளவு அழகு உண்டா? மூன்று வேளையும் கிழங்கைத் தின்கிறோம், அதற்கு ஒரு பூ இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நந்தியாவட்டையைக் கவனிக்கச் சொன்னீர்கள், கவனித்தேன். கடையில் முழத் துணி கிடையாது. இங்கே சாக்கை வெட்டி உடுத்துகிறார்கள். நம் வீட்டில் இருந்த கருப்பு என்று எனக்குத் தெரிந்தது உங்கள் குடை ஒன்றுதான். அதுவும் போன மழையில் கிழிந்து எலும்பாகிவிட்டது. அப்படியிருக்க இந்தத் துணி யார் கொடுத்தது? பூ அதன்மேல் உட்கார்ந்திருக்கிற விதமும் சரியாக இல்லை. துணியில் போட்ட பூ மல்லாந்து கிடக்கும். இது சாய்ந்து, சொருகின மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. இதழின் இடப்பக்க நிழல் மிருதுவாக விழுந்திருக்கிறது. யாரோ வெள்ளையாக ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு கைதான். ஒன்று காமிராவில், ஒன்று மூடியில். மூன்றாவது கை யாருடையது?

வேலை தெரிந்தவள் கேட்கிறேன், அவ்வளவுதான். குழந்தைக்கு உங்கள் காது. எப்போதும் சிவந்து கிடக்கிறது.

பஞ்சாலை


புதுப்பாலத் தோட்டம்
18-4-2603

அன்புள்ள பஞ்சாலைக்கு,

பிரிண்டுகளைத் துரையிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நந்தியாவட்டை வந்ததும் நிறுத்திவிட்டார். பூவைத் தொடாமல் பக்கத்து இருட்டை விரலால் காட்டி, "இந்தக் கருப்பு உயிரோடு இருக்கிறது" என்றார். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அதே கருப்பு வேண்டுமாம். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சந்திப்பது கஷ்டம். ஆனால் அது எனக்குப் புரிந்தது.

இத்துடன் மீதி ஆறு தகடும் வருகின்றன. முதல் பக்கத்துக்கு உரியது பிச்சிப் பூ. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நீ நட்டுவிட்டுப் போன கொடியில் பூத்தது. ஒரு மலரும் இரண்டு மொட்டும் வலது ஓரத்தில் இருக்கின்றன. மிச்சம் முழுக்கக் கருப்பு. இதுவரை நான் எடுத்ததில் இதுதான் படம். இனித் தகடும் இல்லை. பார்த்துச் செய்.

துணி பழைய பங்களாவில் கிடைத்தது, பியானோவை மூடியிருந்த துணி. மூன்றாவது கை முத்தாயியுடையது. ஆஸ்பத்திரி கூட்டிப் பெருக்க வருகிறாள் அல்லவா, அவள்தான் பீங்கான் தட்டைப் பிடித்தாள். இதில் என்ன இருக்கிறது?

மாயாண்டி கங்காணியின் பட்டியல் முப்பதைத் தாண்டிவிட்டது. அதிகம் எழுத நேரமில்லை.

திருநாவுக்கரசு


லோபாக்
26-4-1943

அத்தானுக்கு,

பியானோத் துணியை யாராவது சீப்பால் சீவுவார்களா?

பிச்சிப் பூத் தகட்டை டச்சிங் மேஜையில் வைத்து, கீழே கண்ணாடி காட்டி, லென்ஸ் போட்டுப் பார்த்தேன். பிரிண்டில் தெரியாதது தகட்டில் தெரியும், அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். கருப்பான இடம் தகட்டில் வெறும் கண்ணாடியாக இருக்கும், மினுக்கம்தான் கோடாக விழும். மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழே ஒரே வாட்டமாக, எண்ணெய் வைத்துச் சீவின வாட்டமாக ஓடுகின்றன. ஒன்று மட்டும் பிரிந்து மொட்டின் மேல் விழுந்திருக்கிறது. அது துணி இல்லை. முடி. பெண்பிள்ளை முடி.

லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். இவ்வளவு அடர்த்தி, இவ்வளவு கருப்பு. புதுப்பாலத் தோட்டத்தில் யாருக்கு அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? முத்தாயி தலை குளித்துவிட்டு லயத்து வாசலில் உலர்த்தினால் ரப்பர் பால் வாளியோடு போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. அவள் தட்டைப் பிடித்தாளாம்! தலையையும் பிடித்துக் கொடுத்தாள் என்று எழுதுவதற்கு என்ன வெட்கம்?

பூ என்னுடையது. அரிசி கழுவின தண்ணீரை அந்தக் கொடிக்கு ஊற்றி வளர்த்தவள் நான். அதை அவள் தலையில் வைத்து, சாய்த்து, ஓரம் தள்ளி, ஆறு எண்ணும்வரை மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் என்னை ஒரு தடவை ஆறு எண்ணுகிற நேரம் அப்படிப் பார்த்தீர்களா?

அப்பாவின் சுரண்டு கத்தியை எடுத்தேன். ஒரு முடி விடவில்லை. மொட்டின் மேல் விழுந்ததையும் சேர்த்துச் சுரண்டிவிட்டேன். முத்தாயியை நேரில் மொட்டையடிக்க முடியாது, தகட்டில் அடித்தேன். இப்போது உங்கள் பியானோத் துணி உண்மையாகவே துணி மாதிரி இருக்கிறது. பிரிண்ட் வைத்திருக்கிறேன், துரையிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வருவதாக இருந்தேன். வரவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கும்போதே பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "கோவத்துல எழுதுனத ஒரு நாள் வச்சிருந்து குடும்மா, லாரி நாளைக்கும் போகும்லா" என்றார். இன்றைக்கே கொண்டு போங்கள் என்றேன்.

பஞ்சாலை


புதுப்பாலத் தோட்டம்
3-5-2603

பஞ்சாலை,

துரை பிச்சிப் படத்தைப் பார்த்தார். பிறகு நந்தியாவட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "இது உயிர், இது கரி. யார் கொன்றது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். படத்தை மேஜையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் மாயாண்டி கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "டிரஸரய்யா, ஒங்க பேரும் வந்துருச்சு. பதினாறாந்தேதி லோரி. கம்பளி இருந்தா எடுத்து வச்சுக்குங்க" என்றார்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. பொய் சொன்னவன் நான். அந்த முடி யாருடையது என்று சொல்கிறேன், கேள்.

உன்னுடையது.

நீ பிரசவத்துக்குப் போகும்போது பெட்டியில் வைத்துவிட்டுப் போன சவுரி. சீப்பில் வந்த முடியையெல்லாம் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து, ஆறு வருஷம் சேர்த்து, உங்கம்மா உட்கார்ந்து கட்டிக் கொடுத்தது என்று சொல்வாயே, அதுதான். "எலி கடிக்காமப் பாத்துக்குங்க, அதத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாய். முதலில் எலிக்குப் பயந்துதான் எடுத்துப் பார்த்தேன். கருப்புத் துணிக்கு இந்தத் தோட்டம் முழுக்க அலைந்துவிட்டு வந்த நாள் அது. பூ சின்னது, ஒரு சாண் கருப்பு போதும். மூன்று புரியையும் பிரித்தேன். முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பரப்பி, எண்ணெய் தொட்டுச் சீவினேன். திரும்பப் பின்னி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்ன வரவில்லை. உங்கம்மா கட்டினதை அவிழ்த்துவிட்டேன் என்று எழுதத் தைரியம் வராமல் துணி என்று எழுதினேன், பிறகு பியானோ என்று எழுதினேன்.

முத்தாயியின் முடி தைப்பூசத்துக்கு முன்பே போய்விட்டது. சோப்பு இல்லை, தலையெல்லாம் சொறி. நான்தான் கத்தரியால் வெட்டி, மழித்து, மருந்து போட்டேன். லயத்துப் பெண்களில் பாதிப் பேர் மொட்டை. புதுப்பாலத்தில் நீள முடி என்று மிச்சம் இருப்பது உன் சவுரி ஒன்றுதான்.

ஆறு எண்ணும்வரை நான் பார்த்தது பூவை இல்லை. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. ஆஸ்பத்திரிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்.

திருநாவுக்கரசு


லோபாக்
12-5-1943

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. படித்துவிட்டு அழவில்லை. அழுதால் கை நடுங்கும், கையில் எனக்கு வேலை இருந்தது.

நானும் ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள். பிழைத்துவிட்டேன், முடி பிழைக்கவில்லை. கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. இப்போது தலையில் இருப்பது சோளக் குருத்து மாதிரி நாலு இழை. எந்நேரமும் துண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நான் தோட்டத்துக்கு வந்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்ற பயத்திலேயே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த நேரத்தில் அந்தத் தகடு வந்தது. அவ்வளவு முடியைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டது. யாருடையதோ என்று எரிந்தேனே ஒழிய, ஒரு காலத்தில் என் தலையிலும் அப்படி இருந்தது என்று நினைவே வரவில்லை. என் முடியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்மேலேயே பொறாமைப்பட்டு என் புருஷனைச் சயாமுக்கு அனுப்பப் பார்த்தேன். இதை யாரிடம் சொல்வது?

சுரண்டிய இடத்தில் பென்சில் பிடிக்காது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கண்ணாடியின் மறுபக்கம் பிசின் மருந்து தடவி, காய வைத்து, தன் ஜெர்மன் பென்சிலை ஊசியாகச் சீவிக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு பகல் வரைந்தேன். நந்தியாவட்டைத் தகட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த முடி எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நட்டேன். மொட்டின் மேல் விழுந்த அந்த ஒற்றை முடியைக் கடைசியாகப் போட்டேன். குழந்தை அழுதபோது அப்பா தூக்கிக்கொண்டார். முடிந்ததும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கை வந்துருச்சு" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. கேட்டுக்கொள்ளவும் எனக்கு அப்போது ஆசையில்லை.

பிரிண்ட் இதோடு இருக்கிறது. பாய் இன்று நேரே உங்களிடம் வருகிறார். துரை காலைப் பிடித்தாவது பார்க்க வையுங்கள்.

பஞ்சாலை


புதுப்பாலத் தோட்டம்
16-5-2603

அன்புள்ள பஞ்சாலைக்கு,

என் பெயரை அடித்துவிட்டார்கள்.

துரை உன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். மொட்டின் மேல் கிடக்கிற முடியில் அவர் விரல் நின்றது. "மறுபடி உயிர் வந்துவிட்டது" என்றார். புத்தகத்துக்கு அது முதல் பக்கம். மாயாண்டியைக் கூப்பிட்டு என் பெயரின் மேல் அவரே கோடு போட்டார்.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எண்ணிக்கை குறையக் கூடாதாம். நாற்பது என்றால் நாற்பது. என் பெயர் போன இடத்தில் கங்காணி அடுத்த லயத்துப் பெயரை எழுதினார். ராமகிருஷ்ணன். முத்தாயியின் வீட்டுக்காரன்.

இன்று காலை லாரி நின்றுகொண்டிருந்தபோது முத்தாயி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். தலையில் முக்காடு. என்னைத் திட்டுவாள் என்று எழுந்து நின்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "ஐயா, ஒங்ககிட்டதான் படப்பெட்டி இருக்கே. அவரு ஏறப்போறாரு. ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் குடுங்கய்யா. மொகம் மறந்துறக் கூடாதுல்ல. நான் வேணா தட்டப் புடிச்சுக்கிறேன்" என்றாள்.

பன்னிரண்டு தகடு இருந்தது, பஞ்சாலை. பன்னிரண்டிலும் பூ எடுத்தேன். தகடு இல்லை என்று அவளிடம் சொன்னேன். "செரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு லாரியை நோக்கி ஓடினாள்.

நீ எப்போது வருகிறாய்?

திருநாவுக்கரசு


லோபாக்
19-5-1943

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை பாய் லாரியில் வருகிறேன். பாஸுக்கு அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். குழந்தைக்கு வெயில் படாமல் இருக்க ஒரு சாக்குப் படுதா கட்டித் தருகிறேன் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆறு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக நட்டு, யாரை லாரியில் ஏற்றினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? நாலு வருஷமாக முத்தாயியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். முடிக்காக, நடைக்காக, நீங்கள் திரும்பிப் பார்த்த ஒரு பார்வைக்காக. இப்போது அவளிடம் எனக்குப் பொறாமைப்பட ஒன்றும் மிச்சமில்லை. இனி அவள்தான் என்னைப் பார்ப்பாள். தினம் நீங்கள் வேலைக்குப் போய்த் திரும்பி வருவதைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்த்த மாதிரி அவள் என்னைப் பார்த்தால் அதை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. தாங்கித்தான் ஆக வேண்டும்.

சவுரியைப் பின்ன வேண்டாம். அவிழ்த்தபடியே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ராமகிருஷ்ணன் திரும்பி வருகிற வரைக்கும் நான் அதைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. இருக்கிற நாலு முடியோடு, துண்டு கூடக் கட்டாமல், லயத்து வாசலில் இறங்கி முதலில் அவள் வீட்டுக்குத்தான் போவேன். நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள்.

பஞ்சாலை